மூன்று கஞ்சாச் செடிகளும் இளம்பச்சைத் தீர்மானமும்

தன் வீட்டு மொட்டைமாடியில் கஞ்சா வளர்கிறது என்பது எமில்டாவுக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அவளுக்கு முன்னால் ஓர் இன்ஸ்பெக்டரும், ஒரு ஜீப் நிறையப் போலீஸ்காரர்களும், இரண்டு நிருபர்களும் அதைத் தெரிந்துகொண்டு மாடியேறியிருந்தார்கள்.

மாடி அறையில் குடியிருந்தவன் ஜெபசிங். துறைமுகத்தில் சரக்குகளுக்குக் கிளியரன்ஸ் வாங்கித் தரும் ஆபீசில் வேலை. பெயின்ட் வாளிகளில் மூன்று செடி வைத்திருந்தான். எமில்டா அதை ஏதோ அழகுச் செடி என்றே நினைத்திருந்தாள். விரல் விரித்தது போல இலை, பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. அந்த அழகை ஜெபசிங் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். மறுநாள் காலையில் அவனை விலங்கோடு கூட்டிவந்து, தன் செடியைத் தானே அடையாளம் காட்ட வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பாண்டியராஜன் செடிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். கடல் காற்றில் செடி ஆடி ஆடிப் படம் கலங்கலாக விழுந்ததால், ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து அதன் தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு கைப்பற்றிய விவரத்தை மகசராக எழுதினார்கள். 'மூன்று கஞ்சாச் செடிகள்' என்று எழுதிய ரைட்டரிடம், "செழிப்பான பச்சை நிறமுடையன்னு சேருய்யா, கேஸ் கனமா இருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். சேர்த்தார்கள்.

எமில்டாவின் கவலை வீட்டைப் பற்றியது. கணவன் கிளைட்டன் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் பாதியைக் கடலில் தொலைத்துக் கட்டிய வீடு அது.

"சார், வீட்டுக்கு ஒண்ணும் வராதுல்லா?"

"கஞ்சா வளந்த எடத்த அரசாங்கம் முடக்கலாம்மா. முடக்கியே ஆகணும்னு இல்ல. எல்லாம் நீங்க ஒத்துழைக்கிறதப் பொறுத்து."

ஒத்துழைப்பு என்றால் என்னவென்று அந்த வாரமே தெரிந்தது. முன்பு ஒரு வழக்கில் பிடித்த செடிகளை நிலையத்துச் சாமான் அறையில் பூட்டிவைத்ததில், விசாரணைக்கு வருவதற்குள் அவை மக்கிப்போய்விட்டன. எதிர்த்தரப்பு வக்கீல் அதை மோந்து பார்த்து, "கனம் கோர்ட்டார் அவர்களே, இது கொத்தமல்லி" என்று சொல்லிவிட்டார். அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். பாண்டியராஜன் அந்தத் தப்பைச் செய்ய விரும்பவில்லை. மனுப் போட்டு நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார். செடிகள் உயிரோடு, கைப்பற்றிய அதே நிலையில், அதே மாடியில், வீட்டுக்காரரின் பொறுப்பில், போலீஸ் காவலோடு இருக்கவேண்டும்.

"என் பொறுப்புலயா?" என்றாள் எமில்டா. "வளத்தது அவன்லா சார்?"

"அவன் ஜெயில்ல இருக்கான்ம்மா. ஜெயில்ல கஞ்சா வளக்க முடியுமா?" என்றவர் சற்று யோசித்து, "அதுக்கு அனுமதி இல்ல" என்று திருத்திக்கொண்டார்.

காவலுக்கு வந்தவள் பானுப்ரியா. வேம்பார்ப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. மாடியில் குடையை விரித்து, நாற்காலி போட்டு, செடிகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். முதல் நாள் எமில்டா அவளை "மேடம்" என்றாள். மூன்றாம் நாள் குசினியிலிருந்து மீன்குழம்புச் சோறு மாடிக்குப் போனது. அதற்குப் பிறகு "ஏளா பானு"தான்.

"சார், தண்ணி ஊத்தலாமா?" என்று எமில்டா இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள்.

அவர் அதை யோசித்திருக்கவில்லை. தண்ணீர் ஊற்றுவது சாகுபடியில் ஒரு பகுதி. ஊற்றாவிட்டால் செடி செத்துப்போகும். அரசு வக்கீலிடம் கருத்துக் கேட்டு அனுப்பினார். பதில் வரும்வரை செடிகள் காய்ந்தன. பதில் வந்தது: 'உயிர் தரிக்கும் அளவுக்கு நீர் விடலாம். வளர்ச்சிக்கு உதவும் அளவுக்கு விடலாகாது.'

உயிர் எந்த டம்ளரில் முடிந்து வளர்ச்சி எந்த டம்ளரில் தொடங்குகிறது என்று யாரும் சொல்லவில்லை. எமில்டா ஆழ்துளைக் குழாயின் போர் தண்ணீரைச் சின்ன டம்ளரில் எடுத்துப் பயந்து பயந்து ஊற்றுவாள். பானுப்ரியா எதிரே நின்று, "போதும்க்கா, போதும், இதுக்கு மேல ஊத்துனா வளந்துரும்" என்பாள். அந்தத் தெருவில் நல்ல தண்ணீர் எப்போதாவதுதான் வரும். போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகும்.

கொஞ்ச நாளில் அடி இலைகளின் ஓரம் கருகியது. பிறகு இலை மஞ்சளானது. ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு ஏறியது.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"மகசர்ல என்ன எழுதியிருக்கு? செழிப்பான பச்சை. கோர்ட்ல மஞ்சளா போய் நின்னா என்ன அர்த்தம்? சான்றை மாத்தியாச்சுன்னு அர்த்தம். மாத்துனது யாரு? பொறுப்புல வச்சிருந்த ஆளு."

"அப்ப உரம் எதாவது போடட்டா சார்?" என்றாள் எமில்டா.

"போடுங்க. போட்டா சாகுபடி. சாகுபடிக்குப் பத்து வருஷம்."

"போடாட்டா?"

"சான்று அழிப்பு. அது தனி செக்ஷன்."

"அப்ப நான் என்னதான் சார் செய்யணும்?"

"நீங்க ஒண்ணுமே செய்யக்கூடாதும்மா. ஆனா செடி நல்லா இருக்கணும்."

அன்று மாலை அவள் பெரிய கோவிலில் முழங்காலில் நின்று வெகுநேரம் செபித்தாள். எந்த அதிகாரியிடமும் கேட்க முடியாததை மாதாவிடம் கேட்டாள். திரும்பி வந்ததும் பானுப்ரியா மாடிப்படியில் வழிமறித்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, நடுச் செடியில துளிர் விட்டிருக்கு."

எமில்டாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. "மாதா கண்ண தொறந்துட்டாளா?"

"அய்யோ, அப்டியில்லக்கா. பிடிக்கும்போது அந்த எல கெடையாது. இது ஜெபசிங் கணக்குல வராது, அவன் உள்ள இருக்கான்."

"பெறவு யார் கணக்குல வரும்?"

பானுப்ரியா எமில்டாவையே விரலால் காட்டினாள். கிள்ளிப் போடலாமா என்று எமில்டா கேட்டாள். கிள்ளினால் அழிப்பு. விட்டால் வளர்ப்பு. அந்த இரண்டு பெண்களும் ஒரு சுண்டுவிரல் நீளத் துளிருக்கு முன்னால் குண்டு வைத்த பையைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் அதன் நுனியும் கருகியது. இருவருக்கும் மூச்சு வந்தது. பிறகுதான், செடி செத்துக்கொண்டிருக்கிறது என்று மறுபடி பயம் பிடித்தது.

மஞ்சளுக்குக் காரணம் தெரிந்தாலாவது மருந்து கேட்கலாம் என்று எமில்டா விவசாய அலுவலகத்துக்குக் கிளம்பினாள். உதிர்ந்த இலை ஒன்றை டிபன் டப்பாவில் எடுத்து வைத்ததை பானுப்ரியா பார்த்துவிட்டாள்.

"அந்த எலையோட தெருவுல எறங்குனா கடத்தல்க்கா! போட்டோ எடுத்துட்டுப் போங்க."

அலுவலகத்தில் இருந்தவர் மந்திரமூர்த்தி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்ன பயிர்?"

எமில்டா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவர் அசரவில்லை. கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்து மேலும் கீழும் உருட்டினார்.

"கத்தரி இருக்கு. கம்பு இருக்கு. க-வுல நீங்க சொல்லுத பயிர் இல்ல. பட்டியல்ல இல்லாத பயிருக்கு நோய் வராதும்மா. வந்தாலும் நாங்க பாக்க முடியாது."

"மஞ்சளா போவுதே சார்."

"வாஸ்தவம். ஆனா வந்த விவசாயிய வெறுங்கையா அனுப்பக்கூடாதுன்னு உத்தரவு. நான் இந்தத் துறைக்கு வந்த நாள்லேருந்து ஒருத்தரையும் ஆலோசனை இல்லாம அனுப்புனதில்ல. வயலுக்குப் போனதில்ல, அது வேற. போனா ஒரு வயலத்தான் பாக்க முடியும். இங்க உக்காந்தா மாவட்டத்தையே பாக்கலாம்." பேசிக்கொண்டே அவர் பயிரின் பெயரில் வெண்டை என்று தட்டினார். "எலை கொஞ்சம் அந்தச் சாயல்தான."

அச்சடித்து வந்த ஆலோசனையை எமில்டா வெளியே வந்து படித்தாள். மஞ்சள் கண்ட செடிகளை உடனே வேரோடு பிடுங்கி எரித்துவிடவும் என்று இருந்தது. அரசாங்க முத்திரையும் இருந்தது. அவளுக்குப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. நேராகக் காவல் நிலையத்துக்குப் போய் அதை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எரிக்கவா? எரிச்சா புகை வரும். புகை வந்தா தெரு பூரா இழுக்கும். குழந்தைங்க, பெரியவங்க, கோவில்ல பூசை வைக்கிற சாமியாரு, எல்லார் மேலயும் கேஸ் போட எங்கிட்ட ஆள் இருக்காம்மா?"

பல துறைகள் சேர்ந்த குழு ஒன்று செடிகளை நேரில் ஆராயும் என்று முடிவானது. குழு வந்த காலையில் எமில்டாவின் மாடியில் நாற்காலி போதவில்லை. வருவாய்த் துறையிலிருந்து வந்த ஓர் உயர் அதிகாரி தலைவர். மந்திரமூர்த்தியும் வந்திருந்தார். தண்ணீருக்கு ஒரு பொறியாளர், காற்றுக்கு ஓர் அலுவலர். இன்ஸ்பெக்டர் செடிகளுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

பொறியாளர் போர் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் துப்பிவிட்டு வந்து, "நல்ல தண்ணி" என்றார். "இந்த ஊர்த் தண்ணியில உப்புன்னு சொல்லுதது வதந்தி. எங்க துறையில யாரும் அத நம்புததில்ல. நாங்க கேன் தண்ணிதான் குடிக்கோம், அதனால பாரபட்சம் இல்லாம சொல்ல முடியும்."

காற்று அலுவலர் உட்காருமுன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டை கருத்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "காத்து சுத்தமா இருக்கு. எங்க கருவி காட்டியிருக்கு" என்றார்.

"எப்ப சார் காட்டிச்சு?" என்றாள் எமில்டா.

"ரிப்பேர் ஆகதுக்கு முந்தி."

மந்திரமூர்த்தி மண்ணைப் பற்றிச் சொன்னார். "மண்ண ஆய்வகத்துக்கு அனுப்பணும்னா எடுக்கணும். எடுத்தா வேரு ஒட்டிட்டு வரும். வேரு வந்தா போதைப்பொருள் கடத்தல். ஆகவே மண்ணுல குறை இல்ல."

தலைவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

"நான் எங்க போனாலும் சொல்வேன். அவசரப்பட்டு முடிவெடுக்கிறவன் அதிகாரி இல்ல. நான் முடிவே எடுக்காமத்தான் இந்த உயரத்துக்கு வந்திருக்கேன். ஆனா இன்னைக்கு முடிவு தானாவே வந்திருக்கு. தண்ணியில குறை இல்ல. காத்துல குறை இல்ல. மண்ணுல குறை இல்ல. காரணம் இல்லாம ஒரு இலை எப்படி மஞ்சளாகும்? ஆகாது. அப்போ அது மஞ்சள் இல்ல."

நடுச் செடியிலிருந்து ஓர் இலை, அவர்கள் எல்லாரும் பார்க்க, மஞ்சளாகவே உதிர்ந்தது.

"இளம்பச்சைன்னு எழுதிக்குங்க" என்றார் தலைவர்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் தாள் எமில்டாவிடம் வந்தது.

"சார், நமக்கெல்லாம் கண்ணு இருக்குல்லா?"

"கண்ணு தனிநபர் கருத்தும்மா. இது குழு ஒருமனதா பாத்தது."

அவள் பேனாவை வாங்கவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து அவள் காதருகே, "வீடு" என்று மட்டும் சொன்னார். எமில்டா கையெழுத்துப் போட்டாள். கீழே இறங்கிப் போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வாய்தான் போர் தண்ணீர் குடித்ததுபோலக் கரித்தது.

அன்று கிளைட்டன் மாலேயிலிருந்து பேசினான். "ஏளா, கோர்ட்ல நீ ஒண்ணும் பேசாத. பச்சைன்னு கேட்டா பச்சைன்னு சொல்லு. நமக்கு வீடு முக்கியம்."

"அந்தப் பயலுக்குப் பத்து வருஷம் ஆவும்ங்காங்க."

"அவன் செஞ்ச வினை."

அதுவும் சரிதான். ஜெபசிங்கின் மேல் அவளுக்கு வயிறெரிந்தது. ஆனால் கேஸ் சிலிண்டர் வரும்போதெல்லாம் கேட்காமலே இறங்கிவந்து தூக்கி உள்ளே வைத்தவனும் அவன்தான். மூன்று வாளிக்குப் பத்து வருஷமா என்று அவள் மனம் திரும்பத் திரும்பக் கேட்டது.

விசாரணை நாளில் செடிகளை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். காற்றில் இலை உதிரக்கூடாதென்று பானுப்ரியா பின்னால் உட்கார்ந்து தன் குடையால் அவற்றை மறைத்துப் பிடித்துக்கொண்டாள். நீதிமன்றத்தில் மேசைமேல் வைத்தபோது, கொத்தாக மஞ்சள் தொங்கிய மூன்று குச்சிகள் நின்றன.

அரசு வக்கீல் எழுந்து மகசரை வாசித்தார், 'செழிப்பான பச்சை' என்று. குழுவின் தீர்மானத்தை வாசித்தார், 'இளம்பச்சை' என்று. நீதிபதி மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார்.

"செடிகளைப் பொறுப்பில் வைத்திருந்தவர் யார்?"

எமில்டா கூண்டில் ஏறினாள். எதிரே ஜெபசிங் நின்றான். மெலிந்து, கன்னம் ஒட்டி, அந்தச் செடிகளைப் போலவே இருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் செடிகள் என்ன நிறம்?" என்றார் நீதிபதி.

பச்சை என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம். வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை.

"மஞ்சள்தான் ஐயா" என்றாள். "பூவரச மரத்துப் பழுத்த எல மாதிரி மஞ்சள்."

"இளம்பச்சை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே?"

"போட்டேன் ஐயா. எல்லாரும் போட்டாங்க. செடிக்கு அது தெரியல."

யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். நீதிபதி சிரிக்கவில்லை. வெகுநேரம் எழுதினார். பிறகு வாசித்தார்.

"நீதிமன்றம் ஆவணத்தை நம்புகிறது. ஆவணத்தில் இருப்பவை செழிப்பான பச்சைச் செடிகள். அதை இந்த நீதிமன்றம் ஐயப்படவில்லை. இங்கே இருப்பவை மஞ்சள் செடிகள். ஆகவே இவை அவை அல்ல. கைப்பற்றப்பட்ட பச்சைச் செடிகளைக் காவல்துறை தேடிக் கண்டுபிடித்து ஆஜர்படுத்தும்வரை குற்றம்சாட்டப்பட்டவர் ஜாமீனில் செல்லலாம். வழக்கோடு தொடர்பில்லாத இந்த மஞ்சள் செடிகள், யாரிடமிருந்து வந்தனவோ அவரிடமே ஒப்படைக்கப்படட்டும்."

எமில்டாவுக்கு முதலில் கடைசி வரி புரியவில்லை. டவாலி மூன்று வாளிகளையும் வராந்தாவில் கொண்டுவந்து வைத்து, "எடுத்துட்டுப் போங்கம்மா, இங்கன வைக்கக்கூடாது" என்றபோது புரிந்தது.

வளாகத்து வாசலுக்கு வெளியே ஜீப் நின்றது. பாண்டியராஜன் அதன்மேல் சாய்ந்து நின்றார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "வாங்கம்மா, மெதுவா வாங்க" என்று அன்பாகக் கூப்பிட்டார். உள்ளே இருக்கும்வரை அது நீதிமன்றம் கொடுத்த செடி. வாசலைத் தாண்டினால் அவள் கையில் கஞ்சா. அவருக்குப் பின்னால் நின்ற பானுப்ரியா கண்ணை அகல விரித்து, வேண்டாம் என்று தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினாள்.

ஜாமீன் காகிதம் முடிந்து ஜெபசிங் பின்னால் வந்தான். அவளுக்கு முன் வந்து, "நான் தூக்கியாரேன்க்கா" என்று குனிந்தான்.

"தொடாதல!" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள் எமில்டா. "தொட்டா திரும்ப உள்ள போயிருவ. ஒண்ணும் தூக்காண்டாம். வெறுங்கையா நட."

அவள் வாளிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, வாசலுக்கு உட்புறம், மதிலோரம் வெட்டவெளியில் வைத்தாள். சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.

"அத அங்கன விட்டுட்டுப் போறது குற்றம்மா" என்றார் அவர்.

"எத சார்?"

"அந்தச் செடிய."

"எந்தச் செடி சார்? பச்சைச் செடியா, மஞ்சள் செடியா?"

பாண்டியராஜன் வாயைத் திறந்தார். பச்சை என்றால், நீதிமன்றம் தேடச் சொன்ன செடி அவர் கண்முன்னால் இருக்கிறது, ஆனால் இவை அவை அல்ல என்று சொன்னவர் நீதிபதி. மஞ்சள் என்றால், இளம்பச்சை என்ற குழுவின் தீர்மானத்தில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. திறந்த வாயை மூடிக்கொண்டார். எமில்டா ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். ஆட்டோ திரும்பும் வரை அவர் அங்கேயே நின்றிருந்தார்.

செடிகளை யாரும் தொடவில்லை. தொட்டால் வைத்திருத்தல், தண்ணீர் ஊற்றினால் சாகுபடி, பிடுங்கினால் அழிப்பு என்று அந்த வளாகத்தில் எல்லாருக்கும் சட்டம் தெரியும். கூட்டுகிறவர்கள் வாளிகளைச் சுற்றிக் கூட்டினார்கள். பச்சைச் செடிகளைத் தேடப் போன தனிப்படை பெரியதாழை வரை போய் ஒன்றும் அகப்படாமல் திரும்பியது. எமில்டாவின் வீட்டை முடக்கும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் செடியின் நிறத்தைச் சொல்ல வேண்டிவரும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டு விட்டு, நாள்கணக்கில், உப்பில்லாத நல்ல தண்ணீர் வானத்திலிருந்து இறங்கி வாளிகளை நிறைத்து வழிந்தது.

மழை விட்ட ஒரு காலையில் எமில்டா நீதிமன்றத்து வழியாகப் பஸ்ஸில் போனாள். சிக்னலில் பஸ் நின்றது. மதிலுக்கு மேலே மூன்று செடிகள் ஆள் உயரத்துக்கு எழும்பி, கரும்பச்சையாய், கொத்துக் கொத்தாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து வியந்தாள். "எப்படித் தளதளன்னு வளத்திருக்காங்க பாருங்க! கவர்மென்ட்டு நெனச்சா முடியாதது உண்டா? அது என்ன செடிம்மா?"

எமில்டா அந்தச் செடிகளை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"செடியா? எங்கன இருக்கு?" என்றாள்.